தார் முதலில் யாருக்கு வந்தது?



வீதிக்கு காபட் போட்டால் ஊர் முன்னேறிவிட்டது என்கிறோம். ஆனால் பரிஸ் நகரில் வண்டிகளுக்கு முன்பே நடப்பவர்களுக்குத்தான் தார் வந்தது. 1830களில், செசெல் பகுதியில் வெட்டிய நிலக்கீல் பாறையை அரைத்து, உருக்கி, மணல் சேர்த்து நடைபாதைகளில் பூசினார்கள். சேறு மிதிக்காமல் கடைக்குப் போகலாம், அவ்வளவுதான். 1850களில்தான் வண்டிப் பாதைகளும் அப்படி மாறத் தொடங்கின. காரே இல்லாத காலம் அது!

நம் ஊரில் தலைகீழ். காபட்டுக்கு மேல் காபட் போட்டு வீதி உயர்கிறது, வளவு பள்ளமாகிறது, மாரி வெள்ளம் வாசலுக்கு வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் லொறிக்குப் பக்கத்தில் நடக்கிறார்கள்.

அடுத்த வேலை தொடங்குமுன் பிரதேச சபையிடம் கேட்போம்: நடைபாதை எங்கே? அதன் சரிவு வீட்டுப் பக்கமா, வடிகான் பக்கமா?