தனி அட்டையா, பலகைச் சுற்றா?

1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்தது; 2002இல் மீண்டும் சேர்ந்தது; 2007இல் மறுபடியும் பிரிந்தது. கணிப்பொறியில் திரைக்குப் படம் வரையும் மின்சுற்றின் வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான். இவ்விரு ஊர்களில் பழைய கணிப்பொறி வைத்திருப்போரும், 'போர்டில் உள்ளதே போதுமா, தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டுமா?' என்று கடைக்காரரைக் கேட்கிறார்கள். விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் திரையை இயக்கும் சுற்றே கிடையாது. அதற்கென ஓர் அட்டையைச் செருக வேண்டும். எழுத்துக்கு மட்டுமான அட்டையில் ஓர் எழுத்துக்கு 9 புள்ளி அகலம், 14 புள்ளி உயரம். வண்ண அட்டையிலோ எட்டுக்கு எட்டுதான். எழுத்தின் வடிவங்களும் சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டவை. ரோமன் எழுத்துக்கு இது போதும். வாசகர்கள் கட்டத்தாளில் எட்டுக்கு எட்டு சதுரங்களுக்குள் 'ணை' என்று எழுதிப் பார்க்கட்டும். சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்!

இதே இடர்ப்பாடு தாய்லாந்துக்காரரான வான் சுவன்னுகுல் என்பவருக்கும் ஏற்பட்டது. தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தம் நாட்டு எழுத்திலேயே எழுத விரும்பிய அவர், 1982இல் ஹெர்குலிஸ் அட்டையை உருவாக்கினார். 720க்கு 348 என்ற அளவில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஒளிரச் செய்ய அதனால் முடிந்தது. நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆய்வு, 1988இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக்கில் 'ஜிஸ்ட்' அட்டையாக வளர்ந்தது. ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரல்களிலும் அது தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளைக் காட்டியது. ஆகவே அன்று நமக்குத் தனி அட்டை என்பது விளையாட்டுக்கான ஆடம்பரம் அன்று; எழுத்துக்கே அது வேண்டியிருந்தது.

1990களில் விண்டோஸ் பரவியபின் எழுத்தும் படமாகவே வரையப்பட்டது. எழுத்துருக் கோப்பு ஒன்றே போதுமாயிற்று. ஜிஸ்ட் அட்டையின் தேவை மறைந்தது.

சுற்று பலகைக்குக் குடிபெயர்ந்ததும் இக்காலத்தில்தான். 1987இலேயே ஐ.பி.எம். தன் பி.எஸ்./2 பொறிகளில் வி.ஜி.ஏ. சுற்றைத் தாய்ப்பலகையில் வைத்தது. 1999இல் இன்டெல் தந்த 810 சில்லுத்தொகுதியோ படத்துக்கான நினைவகத்தையும் பிரதான நினைவகத்திலிருந்தே கடன் வாங்கியது. விலை குறைந்தது, ஆனால் கடனுக்கு வட்டி உண்டு. 1024க்கு 768 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட்டு, விநாடிக்கு 75 முறை என்றால், திரைக்கு மட்டும் விநாடிக்குச் சுமார் 118 மெகாபைட்டு போகிறது. அந்நினைவகத்தின் உச்ச வேகமோ 800 மெகாபைட்டு. ஏழில் ஒரு பங்கு திரைக்கே சரி! போதாக்குறைக்கு அப்பலகைகளில் ஏ.ஜி.பி. அட்டைக்கு இடமும் இல்லை.

2011 ஜனவரியில் வெளிவந்த இன்டெல் செயலிகளில் இச்சுற்று செயலியோடு ஒரே சில்லுக்குள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அத்தகைய மடிக்கணினிகளில் அட்டை செருக இடமில்லை. வேகம் வேண்டுமானால் நினைவகத்தைக் கூட்டலாம், அவ்வளவே.

மேசைக்கணிப்பொறியில்தான் தேர்வுக்கே இடமுண்டு. 2007இல் வந்த ஜி31 பலகையை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் தட்டச்சுக்கும் கணக்குக்கும் அதிலுள்ள சுற்றே தாராளம். பாட ஒளிப்படங்களைப் பார்க்கும்போதுதான் திணறும். எச்.264 முறையில் சுருக்கிய படத்தை விரிக்கும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுவதே காரணம். இங்கே அட்டை உதவும். ஆனால் எந்த அட்டையும் உதவிவிடாது. 2009இல் வந்த ஜிஃபோர்ஸ் 210 எச்.264ஐ விரிக்கும், யூடியூபில் மிகுதியாக வரும் வி.பி.9ஐ விரிக்காது. 2017இன் ஜி.டி. 1030 இரண்டையும் விரிக்கும்; மின்சாரமும் 30 வாட்தான். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் வழியே 75 வாட் வரையே கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் அட்டைக்குத் தனி மின்கம்பி வேண்டும். பழைய பெட்டியின் பவர் சப்ளையில் பெரும்பாலும் அக்கம்பி இராது. அட்டைக்குப் பணம் கொடுக்குமுன் பெட்டியைத் திறந்து அதைப் பார்த்துவிடுவது நல்லது.