சுருட்டை விரியன்

பாலைவனத்து மணலிலும், பாலைக்கு அடுத்தபடியான வறண்ட மேட்டு நிலங்களிலும் வாழும் சிறிய விஷப்பாம்பாகிய சுருட்டை விரியன், எக்கிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. எக்கிஸ் காரினேட்டஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். வடமேற்கே தார்ப் பாலைவனத்தையும் ஈரானையும் கடந்து துர்க்மெனிஸ்தானம் வரையிலும், தெற்கே தக்காணத்தின் வழியாகத் தமிழ்நாடு, இலங்கை வரையிலும் பரவியிருக்கும் இது, சங்கரன்கோவில் சீமையைப் போன்ற, மழை குன்றி முட்புதரும் சரளையும் மலிந்த பூமியைத் தனக்கு உகந்த இருப்பிடமாகக் கொள்வது.

இதன் வகைப்பாட்டு வரலாறு தமிழ் மண்ணிலேயே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய வைத்தியரான பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றி 1796-இல் வெளியிட்ட நூலில் இதைச் சித்திரத்தோடு வருணித்தார். லத்தீன் பெயர் சூட்டாமல் அவர் விட்டதற்கு ஜெர்மானியரான ஷ்னைடர் 1801-இல் பெயரிட, 1820-இல் மெர்ரெம் எக்கிஸ் பேரினத்தை வகுத்தார். ஆகவே இவ்வினத்தின் மூல இடமாக, அதாவது முதன்முதலில் வருணிக்கப்பட்ட மாதிரி கிடைத்த இடமாக, விலங்கியலார் குறிப்பது பாலைவனம் எதையும் அன்று, நம் ஆரணியையே. பிற்காலத்தில், இலங்கை வடிவத்தை 1951-இல் தெரணியகலவும், வடமேற்குப் பாலைகளில் வாழும் சோச்சுரேக்கி என்னும் வடிவத்தை 1969-இல் ஸ்டெம்லரும் துணையினங்களாகப் பிரித்தனர். தென்னாட்டுச் சுருட்டை பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் அடங்கிவிட, வடநாட்டது 80 சென்டிமீட்டர் வரை வளர்வதுண்டு.

இதனை அடையாளங் காண நிறத்தை நம்புவது தகாது. மண்ணுக்கேற்பப் பழுப்பு, சாம்பல், செம்மை என்று அது வேறுபடும். கழுத்தினின்று தெளிவாகப் பிரிந்து நிற்கும் தலையின்மீது பறவையின் காலடித் தடம் போன்ற வெளிர்க்குறியும், விலாவின் இருமருங்கும் அலையலையாக ஓடும் வெண்கோடும், செங்குத்தான கண்மணியும் முதற்பார்வைக்கு உதவுவன. ஆயினும் உறுதியான லட்சணங்கள் செதில்களிலேயே உள்ளன: தலையின் மேற்புறம் சிறு செதில்களால் மட்டுமே மூடப்பட்டிருக்கும், உடலின் நடுவே 25 முதல் 39 வரிசைகள் அமையும், விலாவில் சாய்வாக அடுக்கப்பட்ட செதில்களின் முகடு அரம்பத்தின் பற்களைப் போலிருக்கும், வாலின் அடிச்செதில்கள் இரண்டாகப் பிளவுபடாமல் ஒற்றை வரிசையாகச் செல்லும். அச்சமுற்றபோது உடலை மடித்து மடித்துச் சுருண்டு, இவ்விலாச் செதில்களை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் கரகரப்பு ஒலியும், சுடுமணலில் பக்கவாட்டாக நகரும் நடையும் இதன் விசேஷங்கள். தேள், பூரான், பல்லி, தவளை முதலியன இதன் இரை. இந்தியாவில் இது முட்டையிடாது குட்டிகளையே ஈனும்.

இதனோடு மயங்குவதற்கு இடந்தருவது, மனிதருக்குத் தீங்கற்ற பூனைப் பாம்பு. அதன் தலையிலும் குறியுண்டு, கண்மணியும் செங்குத்தே. ஆனால் அதன் உச்சியில் பெரிய கேடயச் செதில்கள் சீராக அமைந்திருக்கும், முதுகுச் செதில்கள் வழவழப்பானவை, வாலடிச் செதில்கள் இரட்டையானவை. கண்ணாடி விரியனின் குட்டியையும் அதன் இரட்டை வாலடிச் செதில்களும் முதுகின் முட்டை வடிவப் புள்ளிகளும் பிரித்துக் காட்டிவிடும்.

சங்கரன்கோவிலில் சங்கன், பதுமன் என்னும் நாகராஜர்களின் கதையோடு பிணைந்த சங்கரநாராயணர் ஆலயத்தில், புற்றுமண்ணைப் பிரசாதமாகக் கொள்வதும் பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்துவதும் நெடுநாளைய வழக்கம். இந்த பக்தியில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் படமெடுக்கும் நாகத்தை அறிந்த அளவுக்குப் படமெடுக்காத இச்சிறு ஜந்துவை நம் மக்கள் அறிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம். இருளில் வெறுங்காலோடு நடப்பவர் மிதிக்கும்போதே பெரும்பாலும் இது கடிக்கிறது. இதன் விஷத்திலுள்ள எக்காரின் என்னும் பொருள் இரத்தத்தின் உறையும் சக்தியையே செலவழித்துத் தீர்த்துவிடுவதால், கடியுண்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, அது உறைகிறதா என மருத்துவர் சோதிப்பர். அச்சோதனைக்குக் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை அடைவதே உயிர்காக்கும் வழி.

செதிலை எண்ணி இனம் பிரிப்பது வீண் நுணுக்கம் என்று எண்ணுவோர் பாம்புக்கடிக்கு அளிக்கும் முறிமருந்தின் கதையை அறிதல் வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கிற்கும் பொதுவான முறிமருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி, 1978-இல் தோன்றிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் எடுத்துத் தருவது. தென்னாட்டு விஷத்தால் ஆன அம்மருந்து, மேற்கு இராஜஸ்தானத்தில் சோச்சுரேக்கி கடித்தவர்களுக்குப் போதிய பயன் தரவில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர்.