புறம்போக்கு யாருடையது?

பனமலைக் குன்றின்மேல் ஏறி நிற்பவர் கண்ணில் முதலில் படுவது, இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்றளி. சுவரில் எஞ்சி நிற்கும் ஓவிய மங்கையைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கீழே ஏரி, ஏரிக்கப்பால் வயல், வயலைக் கடந்தால் செஞ்சிப் பக்கம் நோக்கிப் பாறையும் புதரும். மன்னன் பெயரைக் கல் சொல்கிறது. வயலின் சொந்தக்காரனைப் பட்டா சொல்கிறது. பாறையும் புதரும் யாருடையவை? அரசின் கணக்கேடு இரண்டே சொற்களில் விடையிறுத்துவிடும்: ஒன்று புறம்போக்கு, இன்றேல் காப்புக்காடு.

அண்மையில் வகுப்பில், “நம் பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாத நிலம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். மாணவர் பலரும் அந்தப் புதர்ப் பக்கமே கை காட்டினர். இருளர் வீட்டுச் சிறுவன் ஒருவன் மட்டும் எழுந்து, “அங்கே வள்ளிக்கிழங்கு இருக்கிறது ஐயா, தேன் இருக்கிறது, மழை பெய்தால் ஈசல் கிடைக்கும்” என்றான். வகுப்பு நகைத்தது. நான் நகைக்கவில்லை; நாணினேன். கேள்வியே பிழையல்லவா?

புறம்போக்கு என்னும் சொல்லைச் சற்றே உற்று நோக்குங்கள். வரிவிதிப்புக்குப் புறம்பானது என்பதே அதன் பொருள். வரி கட்டாத நிலம், காலப்போக்கில், ஆளில்லாத நிலமாகக் கருதப்படலாயிற்று! அங்கே கிழங்கு அகழ்ந்தவனும், பச்சிலை பறித்தவளும், வயல் வரப்பில் எலி வளையைத் தோண்டி, எலி பதுக்கிய நெல்லை மீட்டு உலை வைத்தவளும் கணக்கில் ஏறவில்லை. ஏர் பிடித்தவனுக்கு ஏடு உண்டு. தேன் எடுத்தவனுக்கு ஏது?

இதனை அறிந்து சொன்னவர் ஆட்சிக்குள்ளேயே இருந்தனர் என்பதுதான் வியப்பு. சென்னை மாகாணத்துக் காடுகளில் ஏதேனும் ஒரு சிற்றூரின் எல்லைக்கும் உரிமைக்கும் உட்படாத காடு அரிது என்று 1871-இல் வருவாய் வாரியமே வாதிட்டது. வாதம் தோற்றது. 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்தது. காலங்காலமாகக் காட்டில் புழங்கியவன், சட்டத்தின் முன் அத்துமீறி நுழைந்தவனானான்.

காடு கைநழுவியபின் இருளருக்குப் பாம்புத்தோல் வணிகம் கைகொடுத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தன. பாம்பைக் காக்க வேண்டியதே, மறுப்பார் யார்? ஆனால் பாம்பைக் காத்த சட்டம், பாம்பு பிடிப்பவனின் அடுப்பை எண்ணிப் பார்க்கவில்லை. 1978-இல் செங்கற்பட்டுப் பகுதியில் வடநெம்மேலியை இருப்பிடமாகக் கொண்டு இருளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய பிறகே வழி பிறந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சிலிருந்து ஆகும் மருந்து, பாம்பு தீண்டிய உழவனின் உயிரைக் காக்கிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை 2017-இல் அழைக்கப்பட்டனர். 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். படிப்பறிவற்றவர் என நாம் ஒதுக்கியவரிடம் பல்கலைக்கழகம் பாடம் கேட்டது!

எனினும் இவ்வழி சிலருக்கே. விழுப்புரம் மாவட்டத்து இருளருள் எத்தனையோ பேர் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்திற்குக் கட்டுண்டு கிடந்த வரலாறு நாடறிந்தது. ஆகவே, காட்டுக்கே திரும்புங்கள் என்பதன்று நம் பேச்சு. பள்ளி வேண்டும், மின்விளக்கு வேண்டும், கூலி வேண்டும். வளர்ச்சி வரட்டும், எவர் இசைவோடு வருகிறது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை தேடிய மக்கள் கனடாவின் வடகோடியில் உள்ளனர். எஸ்கிமோ என்று பிறர் அழைத்த அவர்கள், தம்மை இனுயிட் என்பர். மக்கள் என்று பொருள். எண்ணெயும் கனிமமும் தேடி வந்தோர்க்கு அப்பனிவெளி வெற்றிடமாகத் தெரிந்தது. 1970-களில் ஆய்வாளர் வீடு வீடாகச் சென்றனர். வேட்டைக்காரர்கள் தாம் வாழ்நாளில் கலைமான் துரத்திய தடத்தையும், சீல் பிடித்த கடற்பனியையும் நிலப்படத்தில் தாமே வரைந்து காட்டினர். 1976-இல் அவை மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. வெற்றிடம் எங்கே? கோடுகளால் நிறைந்து கிடந்தது தாள்!

அப்படங்கள் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாயின. 1993-இல் ஒப்பந்தம், ஏறத்தாழ மூன்றரை இலட்சம் சதுரக் கிலோமீட்டர் நிலம் இனுயிட் உடைமை, 1999 ஏப்ரல் 1-இல் நூனவுட் என்னும் தனி ஆட்சிப்பகுதி. சுரங்கம் வேண்டாம் என்று அவர்கள் கதவடைக்கவில்லை. பாஃபின் தீவில் இரும்புச் சுரங்கம் நடக்கிறது. அதை விரிவாக்க முனைந்தபோது, கப்பல் போக்குவரத்தால் திமிங்கிலமும் வேட்டையும் கெடும் என்று வேட்டைக்காரர் எதிர்த்தனர். 2022-இல் நடுவணரசு அவ்விரிவாக்கத்துக்கு இசைவு மறுத்தது. எல்லாம் இனிதே முடிந்ததென எண்ணிவிட வேண்டா. வறுமையும் வீட்டுப் பஞ்சமும் அங்கே இன்றும் உண்டு. ஆனால் அவர்களைக் கேளாமல் அங்கே எதுவும் தொடங்குவதற்கில்லை.

நம் நாட்டிலும் 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழகத்தில் 2008-இல் உயர்நீதிமன்றம் விதித்த இடைக்காலக் கட்டுப்பாடு 2016-இல் உச்சநீதிமன்றத்தால் நீங்கும்வரை பட்டா வழங்கல் முடங்கிக் கிடந்தது. அச்சட்டத்தின் விதிகளில் பலர் அறியாத ஒன்று உண்டு: ஏடு இல்லாதவிடத்து ஊர் முதியோர் சொல்லும் வாக்குமூலமும் சான்றாகும். கிழவியின் நினைவு இங்கே ஆவணம்!

2025 சூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்கிறோம். இனிச் சாலையும் விடுதியும் திட்டமிடுவோர், கோட்டையைச் சுற்றியுள்ள பாறையையும் புதரையும் கணக்கேட்டைப் புரட்டித்தான் அளப்பர். என் மாணவனிடம் வெள்ளைத்தாள் ஒன்று கொடுத்திருக்கிறேன். கிழங்கு எங்கே, தேன் எங்கே என்று பாட்டியிடம் கேட்டு வரைந்து வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறான். ஒரு தாள் போதாது என்று நேற்று வந்து இன்னும் இரண்டு கேட்டான்.