பெயரற்ற படங்களும் நம் குடும்ப வரலாறும்

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய நூல் 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மக்களை நிறுத்தி வைத்து, தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அளவுகள் ஏட்டில் ஏறின. படத்தின் அடியில் சாதிப் பெயர் ஏறிற்று. அங்கே நின்ற மனிதனின் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை.

பிற்காலத்தில் நம்மவர் தாமே காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டனர். கோலார் தங்கவயலுக்கும் பர்மாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் பிழைக்கச் சென்றோர், பட்டாளத்தில் சேர்ந்தோர், பள்ளி ஆசிரியரானோர் ஆகியோரின் படங்கள் இன்றும் பல வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் உள்ளன. ஊரில் பிறர் முன் நாற்காலியில் அமர இயலாதவர் ஸ்டூடியோவில் நாற்காலியில் அமர்ந்தார். அப்படம் வெறும் அலங்காரம் அன்று. ஆயினும் திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெறுமையாகவோ, 'தாத்தா' என்ற ஒரு சொல்லோடோ இருக்கிறது. யாருடைய தாத்தா? தர்ஸ்டன் எழுதாது விட்டதை நாமும் எழுதாது விடுவது முறையா?

காலத்தை அறியப் படத்திலேயே சான்று கிடைப்பதுண்டு. பள்ளிக் குழுப்படமாயின் பலகையில் உள்ள எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். எம். சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. எனவே 'பஞ்சமர்' என்றிருப்பின் அதற்கு முந்தியதாக இருக்கலாம். 'அரிசன' என்றிருப்பின், காந்தியடிகள் அச்சொல்லைப் பரப்பிய 1932, 1933ஆம் ஆண்டுகளுக்கு முந்தியதாக இருத்தல் அரிது. பழைய பலகை பல்லாண்டு தொங்கியிருக்கவும் கூடுமாதலால், ஆண்டின் முன் 'ஏறத்தாழ' என்று சேர்ப்பதே நேர்மை. பலகையில் உள்ள சொல் நமக்குக் கசப்பானதாயினும் அதை உள்ளவாறே படியெடுத்து, நம் விளக்கத்தைத் தனியே எழுத வேண்டும். கசப்பும் வரலாற்றுச் சான்றே.

பெயர் எழுதுவதில் இரண்டு செய்திகள். நம் முன்னோருள் பலருக்கு வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, ஞானஸ்நானம் பெற்றிருப்பின் வேறொன்று. மூன்றையும் எழுதினாலன்றிப் பிற்காலத்தார் மூன்று ஆட்களென மயங்குவர். மற்றொன்று, பெண்களைப் பற்றியது. 'இன்னாரின் மனைவி' என்று நிறுத்துவது போதாது; அவர் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதுக. வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கரையும் இரட்டைமலை சீனிவாசனையும் நாடு அறியும்; நாற்று நட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பாட்டியை நாமன்றி யார் அறிவார்?

படத்தின் பின்புறம் பந்துமுனைப் பேனாவால் எழுதலாகாது. அழுத்தம் முகப்பில் தெரியும், மை ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுவதே நன்று. நிற்போரை, பார்ப்பவரின் இடமிருந்து வலமாக வரிசைப்படுத்துக. இக்காலத்தில் கணினியில் ஏற்றுவோர், கோப்பினுள்ளேயே குறிப்பெழுத இடமுண்டு என்பதை அறிதல் வேண்டும். கருவி தானே பதியும் தேதி பெரும்பாலும் ஸ்கேன் செய்த நாளேயன்றிப் படம் பிடித்த நாள் அன்று. அதைத் திருத்தாவிடில் 1940களின் பாட்டனார் நேற்றுப் படம் எடுத்துக்கொண்டவர் ஆகிவிடுவார்! கைப்பேசிச் செய்திவழி அனுப்பும்போது உள்ளே எழுதிய குறிப்பு உதிர்ந்துபோவது வழக்கம். ஆகவே ஒரு பிரதி நோட்டுப் புத்தகத்திலும் இருக்கட்டும். யார் சொன்னது, எந்நாளில் சொன்னது என்பதும் அதில் வேண்டும்.

பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே சிலரே உள்ளனர். அவர்களிடம் முதலில் திருமணப் படங்களைக் காட்டுவது நலம். ஒரு முகம் பிடிபட்டால், முறை சொல்லி அருகில் நிற்கும் நாலு முகங்களையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.