விதைக்கும் முன்பே காசு கொடுத்தவர்கள்



நம் வளாகத்தில் எல்லா வீடுகளும் பராமரிப்புக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். லிஃப்ட் நின்றாலும் மோட்டார் எரிந்தாலும் செலவு ஒரு வீட்டின் தலையில் விழுவதில்லை. எல்லோரும் சேர்ந்து சுமக்கிறோம். இதே கணக்கை வயலுக்கும் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. "விவசாயியிடமே நேராகக் காய் வாங்கலாமே" என்ற பேச்சு நம் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது எழுவதால், அவர்களுடைய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லை, கமிஷன் இல்லை. விவசாயி அடையாள அட்டையோடு வந்து தன் விளைச்சலைத் தானே விற்கலாம். பெரிய உதவிதான். ஆனால் சந்தைக்கு வந்து சேர்ந்த காய்க்குத்தான் அங்கே விலை. மழையில் அழுகிய தக்காளியின் நஷ்டம் விவசாயிக்கே.

அந்த நஷ்டத்தில் பங்கெடுக்க முன்வந்தவர்களை 1970களின் ஜப்பானில் பார்க்கலாம். மினமாதா பாதரச நச்சு, வயலில் அடிக்கும் பூச்சிமருந்து என்று அடுத்தடுத்து வந்த செய்திகள் நகரத்துத் தாய்மார்களைக் கலங்கடித்தன. 1971இல் தெருவோ இச்சிராகு முன்னின்று ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கத்தைத் தொடங்கினார். நகரத்துக் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து விவசாயிகளுடன் நேரடி ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த முறைக்கு 'தெய்கேய்' என்று பெயர். கூட்டு என்று பொருள்.

1978இல் அந்தச் சங்கம் இதற்குப் பத்து நெறிகளை வகுத்தது. விளைந்ததை எல்லாம் வாங்குவோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒன்று. முள்ளங்கி அதிகமாக விளைந்தால் அந்த வாரம் வீட்டில் முள்ளங்கிதான்! விலையை இரு தரப்பும் விட்டுக்கொடுத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும், விநியோகத்தை வெளியாரிடம் விடாமல் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவையும் அந்த நெறிகளில் உண்டு.

அமெரிக்காவில் இதே எண்ணம் ஐரோப்பா வழியாக வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இண்டியன் லைன் பண்ணையை நடத்திவந்த ராபின் வான் என், சுவிட்சர்லாந்தில் இப்படிப்பட்ட பண்ணைகளைப் பார்த்துவிட்டு வந்த யான் வாண்டர் துயினை 1985இல் சந்தித்தார். முதலில் ஒரு ஆப்பிள் தோட்டத்தில் பங்கு விற்றுப் பார்த்தார்கள். 1986இல் காய்கறிக்கும் அதைச் செய்தார்கள். பருவம் தொடங்கும் முன்பே குடும்பங்கள் பணம் கட்டும். பிறகு வாரா வாரம் விளைந்ததில் பங்கு பெறும். விதை வாங்கக் கடன் தேட வேண்டாம். விளைச்சல் குறைந்தால் எல்லோருக்கும் குறையும்.

அதே 1986இல் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை இன்னும் ஒரு படி மேலே போனது. விவசாயிகள் ஆண்டுச் செலவை உறுப்பினர் கூட்டத்தில் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைச் சொல்லும். தொகை எட்டும்வரை பேச்சு தொடரும். நம் பொதுக்குழுவில் பெயின்ட் செலவுக்குப் பணம் திரட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை!

ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதவில்லை. இண்டியன் லைன் பண்ணையின் குழு 1990இல் பிரிந்தது. 1997இல் வான் என் காலமானார். நிலம் கைமாறிவிடும் நிலை. அந்த வட்டாரத்தில் நில விலை, புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர்களுக்கு எட்டாத உயரம். ஊர்க்காரர்களின் நில அறக்கட்டளையும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் கைகோத்து 1999இல் பண்ணையை மீட்டன. நிலம் அறக்கட்டளைக்கு; அதில் பயிர் செய்யும் உரிமை 99 ஆண்டுக் குத்தகையில் ஒரு இளம் விவசாயத் தம்பதிக்கு. வாரக் கூடைக்கு வாடிக்கையாளர் கிடைத்தால் மட்டும் புது விவசாயி நிலைத்துவிட முடியாது, காலூன்ற நிலமும் வேண்டும் என்பதை அந்த ஊர் புரிந்துகொண்டது.

ஜப்பானின் பாடம் வேறு. காய் பிரிப்பது, கணக்கு எழுதுவது, வீடு வீடாகச் சேர்ப்பது எல்லாமே பெரும்பாலும் பெண்களின் சம்பளமில்லா உழைப்பில் நடந்தன. அவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அந்தச் சுமையை எடுத்துக்கொள்ள ஆள் குறைந்தது. 1990களிலிருந்து பல குழுக்கள் தளர்ந்தன.

ஆகவே, நம் வளாகத்தில் இந்தப் பேச்சு மீண்டும் எழும்போது, "கடையைவிடக் கிலோவுக்கு எவ்வளவு குறையும்?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். விலை குறையலாம், குறையாமலும் போகலாம். மூன்று மாதப் பணத்தை முன்னதாகக் கட்ட எத்தனை வீடுகள் தயார்? ஒரு வாரம் கத்திரிக்காய் மட்டுமே வந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வோமா? வண்டி வரும் காலையில் இறக்கிப் பிரிக்கும் வேலை அதே நான்கு பேர் தலையில் விழாமல் முறைவைத்துச் செய்வோமா? இந்த மூன்றுக்கும் பத்து வீடுகள் மனதார 'சரி' சொன்னால் போதும். பக்கத்து ஊரில் முதன்முதலாக ஏர் பிடிக்கும் ஒருவர் அந்தப் பத்து வீடுகளை நம்பி விதைக்கலாம்.