காற்கூறும் சித்திரப் பாவையும்: நன்னூல் கற்பித்தல் நெறி பற்றிய ஒரு மறுவாசிப்பு

பவணந்தியாரின் இலக்கண நூலான நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கனைச் சித்திரப் பாவை போல் அடங்கியிருக்கச் சொல்கிறது. வாய்மூடி மனப்பாடம் செய்யும் வகுப்பறைக்கு வேர் அங்கேதான் என்பது கல்வி வரலாறு எழுதுவோரிடையே வழங்கிவரும் கருத்து. அந்த உவமை இவ்வளவு பாரத்தைத் தாங்காது என்பதே என் துணிபு.

உவமை வரும் சூத்திரமே நீர் வேட்டவன் பருகுவது போன்ற ஆர்வத்தையும் மாணாக்கனிடம் எதிர்பார்க்கிறது. அடக்கம் உடலுக்கு, அதுவும் பாடம் கேட்கும் பொழுதுக்கு. ஆசிரியர் சொல்லச் சொன்னால்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே பகுதியில் வினாவுதலும், வினாவப்பட்டதற்கு விடையளித்தலும் மாணாக்கன் கடன்களாக எண்ணப்படுகின்றன. பாவை வினாவாது.

இன்னும் முக்கியமான சான்று கற்றலின் அளவைப் பேசும் இடம். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினாலும் காற்கூறே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். பிறர்க்குத் தானே எடுத்துரைப்பதால் எஞ்சிய இரு கால். இங்கே ஓர் ஐயம் எழலாம். சற்று முன்புதான் பாடத்தை இருமுறை, மும்முறை கேட்பதன் பயன் சொல்லப்பட்டது. அங்கே 'கால்' என்பது தடவையைக் குறித்தது. இங்கும் அப்படியே கொண்டால் பங்குக் கணக்கு கலைந்துவிடும். ஆனால் முதலில் நிற்கும் சொல் வெறும் 'கால்' அன்று, 'காற்கூறு'. கூறு என்றபின் தடவைக்கு இடமில்லை. காலும் காலும் அரையும் சேர்ந்து ஒன்றாவதும் தற்செயலாக இருக்க முடியாது. அப்படியானால் புலமையின் முக்காற்பங்கு ஆசிரியர் உரைக்கு வெளியே, மாணவர் தமக்குள் பேசியும் பிறர்க்குச் சொல்லியும் விளைவது.

ஆசிரியர்க்குரிய இலக்கணமும் இதற்கு இசைவானதே. விரையாமல், வெகுளாமல், முகமலர்ச்சியோடு, கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்றறிந்து கற்பிக்கச் சொல்கிறது நூல். மாணவரை ஈர்க்கும் ஊக்கம் ஆசிரியரின் முகத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று இதை நான் வாசிக்கிறேன்.

பொதுப்பாயிரச் சூத்திரங்கள் பவணந்தியாரே யாத்தவையா என்று கேட்பர். முன்னோர் மொழியாயின் இந்நெறி இன்னும் பழையது; என் வாதம் குறையாது. சிலரே அமர்ந்து இலக்கணம் கேட்ட திண்ணை வேறு, நாற்பது பிள்ளைகள் அமரும் வகுப்பு வேறு என்பர். மெய்தான். எனினும் உடன் பயில்வோர் எண்ணிக்கை கூடுவது அந்த ஒரு காலுக்குத் தடையாகாது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது பிள்ளைகள் தரையில் குழுவாக அமர்ந்து, அட்டைகளைக் கையில் எடுத்துத் தமக்குள் பேசிக் கற்றனர். அதை மரபுக்குப் புறம்பானது என்பார் நன்னூலைத் துணைக்கு அழைக்க முடியாது. பாடவேளை முழுவதும் தாமே பேசி முடிக்கும் ஆசிரியர், நன்னூல் கணக்கின்படி, காற்கூறுதான் கற்பித்திருக்கிறார்.