துண்டும் வாரமும்

1843 ஆம் ஆண்டில் இந்தியாவிலும், அடுத்த ஆண்டில் இலங்கையிலும் அடிமைத்தனம் சட்டத்தின் துணையை இழந்தது. விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. தமிழகத்தில் வழிவழியாகப் பண்ணைக்கு அடிமைப்பட்டிருந்த குடிகளிற் பலர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடல் கடந்தனர். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலும் அவர்தம் வழித்தோன்றல்கள் மிகப் பலர்.

அவர்களைப் பிணித்தது 'துண்டு' என்னும் சிறு காகிதம். இன்ன கடனைத் தீர்த்தால் இவ்வாளை விடுவிப்போம் என்று துரை அதில் எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டத்தார் கடனைக் கட்டி ஆளை ஏற்பர். ஆளின் தலையிலோ கடன் அப்படியே இருக்கும். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் விற்றார்கள்! 1921 இல் துண்டு ஒழிக்கப்பட்டது.

தோட்டத்தை அடுத்த வயல்களிலே சிங்கள உழவர் 'அந்தே' வாரத்துக்கு உழுதனர். விளைவிற் பாதி நிலக்காரருக்கு. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அவ்வுழவரின் உரிமையைப் பிள்ளைகளுக்கும் செல்லத்தக்கதாக்க முனைந்தது. நெல்லுக்கு வந்த அக்காவல் தேயிலைக்கு வரவில்லை.

இந்நாளில் சில கம்பனிகள் தேயிலைக் காணியைப் பகுதி பகுதியாகத் தொழிலாளர் குடும்பங்களிடம் ஒப்படைத்து, கொழுந்தை நிறுத்து வாங்குகின்றன. நாட்கூலியினும் இது மேலென்பார் உளர்; இருக்கலாம். ஆயினும் பெரியோர் கைச்சாத்திடுமுன் இளைஞர்கள் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுக: காணி யார் பெயரில், உரம் யார் கணக்கில், தவணை முடிந்தபின் செடி யாருக்கு?